கண்டிக் கடையின் ‘மகாராணித் தட்டு’: காசு நல்லது, அட்டை மோசம்

கண்டி டவுனில் தபால்தலை, பழைய நோட்டு, காசுமாலையிலிருந்து கழற்றிய விக்டோரியா ரூபாய் என்று விற்றுவந்த மாடிக்கடை ஒன்றில் இப்போது ரோமக் காசுத் தட்டொன்றும் வைத்திருக்கிறார்கள். பழங்காசு சேர்க்கிறவர்களுக்கு எந்தக் கடை என்று சொல்லத் தேவையில்லை. பெயர் இங்கே வேண்டாம். நீல வெல்வெட் ஒட்டிய மரத்தட்டு, பதினாறு குழி, குழிக்கொரு வெள்ளிக்காசு, எல்லாவற்றையும் ரோமப் பேரரசர்களின் மனைவி, தாய் என்ற மகாராணிகளின் முகம் என்றே விற்கிறார்கள். பக்கத்தில் சின்ன அட்டையில் பெயரும் விலையும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பதினாறில் பதின்மூன்று, ரோம அரசின் நாணயச்சாலையில் அடித்த அசல் தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு. ஒன்று ரோமர் காலத்திலேயே செய்த கள்ளக்காசு. இரண்டு நம் காலத்து வார்ப்பு. உல்லாசப் பயணிகளை நம்பி நடக்கும் ஊரில் இந்தக் கணக்கு மோசமில்லை. மோசம் அட்டைதான். அசல் பதின்மூன்றில் மூன்றுக்குப் பெயர் தப்பு. நான்கைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கெடுத்திருக்கிறார்கள். தேய்த்ததற்கும் தேய்க்காததற்கும் விலை ஒன்றே. அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காசை எழுத்தெழுத்தாக வாசிக்கத் தெரிந்தவர் இந்தத் தட்டில் நல்ல காசை நியாயமான விலைக்கு எடுக்கலாம். வாசிக்கத் தெரியாதவர் இப்போதைக்கு வெளியே நிற்பது நல்லது. வாசிப்பு ஒன்றும் பெரிய வித்தையில்லை; இருபது எழுத்துக்குள் முடிந்துவிடும்.

போகிறவர் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றைக் கையில் கொண்டுபோக வேண்டும். கடையில் இருக்கும் பூதக்கண்ணாடி பத்திரிகை வாசிக்கத்தான் காணும். தராசு அவர்களிடமே உண்டு, 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு. மேசைக்கு மேலே எரியும் வெள்ளை விளக்கு எல்லாக் காசையும் ஒரே மாதிரி மினுக்கிக் காட்டுகிறது. “நானா, ஜன்னலோரம் வச்சு ஒருக்காப் பாக்கலாமா?” என்று கேட்டால் மறுப்பதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் திருப்பினால், நேர் வெளிச்சத்தில் மறைந்த எழுத்துகள் நிழல் விழுந்து எழும்பி வரும்.

எடையிலிருந்து தொடங்கலாம். பேரரசன் நீரோ கி.பி. 64 அளவில், ஒரு ரோம இறாத்தல் வெள்ளிக்கு 84 காசு என்றிருந்ததை 96 ஆக்கினான். அதன்படி ஒரு தெனாரியஸ் ஏறக்குறைய 3.4 கிராம். மகாராணிக் காசுகளில் கடைகளுக்கு அதிகம் வருவது அதற்குப் பிந்திய இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுக் காசுகள். தேய்மானத்தையும் சேர்த்துப் பார்த்தால் 2.8 முதல் 3.6 கிராம் வரை இருப்பது சகஜம். குறுக்களவு 17 முதல் 19 மில்லிமீற்றர். இத்தனை ஏற்றத்தாழ்வு ஏன் என்றால், ஓர் இறாத்தலுக்கு இத்தனை காசு என்று மொத்தமாகத்தான் கணக்குப் பார்த்தார்கள். ஒவ்வொரு காசையும் தனித்தனியே நிறுத்துச் சரிசெய்யவில்லை. பேரரசன் கிளாடியஸ் காலத்தில் இந்தத் தீவுக்குக் காற்றடித்து வந்து சேர்ந்த ஓர் உரோமனிடம் இருந்த தெனாரியஸ்களில் வெவ்வேறு முகங்கள் இருந்தும் எடை ஒன்றாக இருந்ததைக் கண்டு இங்கிருந்த அரசர் வியந்தார் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். இந்தத் தட்டை நிறுத்துப் பார்த்திருந்தால் அவ்வளவு வியந்திருக்க மாட்டார். தட்டில் மிகக் கனமானது 3.51 கிராம். மிக இலேசானது 2.58 கிராம், அதுதான் கள்ளக்காசு, அதைப் பிறகு பார்ப்போம்.

இனி வாசிப்பு. எழுத்து கழுத்தின் இடது கீழ்ப்பக்கம் தொடங்கி, மணிக்கூட்டு முள் போகும் திசையில் தலையைச் சுற்றிப் போகும். சொற்களுக்கு நடுவே இடைவெளியை எதிர்பார்க்க வேண்டாம். யூ என்ற எழுத்தே இல்லை. அதன் இடத்தில் வீ. ஆகவே ஃபவுஸ்தீனா என்ற பெயர் எஃப், ஏ, வீ, எஸ், டீ, ஐ, என், ஏ என்று இருக்கும். ஜூலியா என்பது ஐ, வீ, எல், ஐ, ஏ. மகாராணிப் பட்டமான அவுகுஸ்தா சில காசில் முழுதாக இருக்கும், சில காசில் ஏ, வீ, ஜீ என்ற மூன்றெழுத்தோடு நிற்கும். இவ்வளவு தெரிந்தால் தட்டில் பாதி வாசித்தாகிவிட்டது.

ஃபவுஸ்தீனா இருவர். மூத்தவர் பேரரசன் அந்தோனினஸ் பயஸின் மனைவி. இளையவர் அவர்களுடைய மகள், அடுத்த பேரரசன் மார்க்கஸ் அவுரேலியஸின் மனைவி. மூத்தவர் கணவன் ஆட்சிக்கு வந்து இரண்டு மூன்று வருடத்துக்குள் இறந்துபோனார். 161 வரை ஆண்ட அந்தோனினஸ், இறந்த மனைவியைத் தெய்வமாக்கி அவர் பெயரில் காசு அடித்துக்கொண்டே இருந்தான். அதனால்தான் ‘திவா ஃபவுஸ்தீனா’, அதாவது தெய்வமான ஃபவுஸ்தீனா, என்று தொடங்கும் காசுகள் இன்று உலகமெங்கும் மலிந்து கிடக்கின்றன. மகாராணிக் காசு ஒன்று மட்டும் வேண்டும் என்பவருக்கு இதைவிட மலிவான நல்ல காசு கிடையாது. பின்பக்கத்தில் ‘அயேதெர்நிதாஸ்’ என்றோ ‘அவுகுஸ்தா’ என்றோ எழுதி, கதிரும் தீப்பந்தமும் ஏந்திய சீரிஸ் தேவியோ வேறொரு தேவியோ நிற்பாள். ‘கொன்செக்ராத்தியோ’ (தெய்வமாக்கல்) என்ற எழுத்தோடு மயில் இருந்தால் விலை கொஞ்சம் ஏறும். மயில் ஜூனோ தேவியின் பறவை, இறந்த மகாராணியை வானுக்குக் கொண்டுபோவது.

தட்டில் மூத்த ஃபவுஸ்தீனா என்று நான்கு அட்டை. அதில் ஒன்று மகள். அட்டை எழுதியவர் ‘திவா’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் தாய் என்று முடிவுகட்டியிருக்க வேண்டும். மகளும் 175 அளவில் இறந்தபின் தெய்வமாக்கப்பட்டார். அவருடைய காசில் ‘திவா ஃபவுஸ்தீனா பியா’ என்று ஒரு சொல் கூடுதலாக இருக்கும். அந்த ‘பியா’, பீ, ஐ, ஏ, வலது பக்கக் கீழ் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. ஜன்னலோரம் தெரிகிறது, மேசை விளக்கில் தெரியவில்லை. மூத்தவர் உயிரோடிருந்த காலத்துக் காசுகள் சிலவற்றிலும் வெறும் ‘ஃபவுஸ்தீனா அவுகுஸ்தா’ என்று வருவதால், எழுத்து மட்டும் எப்போதும் தீர்ப்புச் சொல்லாது. அப்போது தலைமயிரைப் பார்க்க வேண்டும். தாய்க்கு உச்சிக்கொண்டை: பின்னலைத் தலைக்குமேல் சுற்றி, முத்துச்சரம் கட்டி முடிந்திருக்கும். மகளுக்கு அலையலையாக வாரிப் பிடரியில் முடிந்த கொண்டை. தேய்ந்து மூக்குப் போன காசிலும் கொண்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரியும்.

பிடரிக்கொண்டை இளைய ஃபவுஸ்தீனாவுக்கு மட்டும் உரியதில்லை. அவர் மகள் லூசில்லாவுக்கும், மருமகள் கிறிஸ்பினாவுக்கும் அதே கொண்டைதான். பணத்தோடு விளையாடுவது இங்கேதான். கிறிஸ்பினா, மார்க்கஸின் மகனான பேரரசன் கொம்மோதஸின் மனைவி. அவருடைய காசு குறைவு, விலை கூட. தட்டில் 40,000 ரூபாய் அட்டையோடு இருக்கும் ‘கிறிஸ்பினா’வைச் சாய்த்துப் பார்த்தால், கொண்டைக்குப் பின்னால் எஸ், டீ, ஐ, என், ஏ என்று முடிகிறது. கிறிஸ்பினாவின் பெயர் பீ, ஐ, என், ஏ என்று முடிய வேண்டும். தலைக்கு முன்னே அவுகுஸ்தா முழுதாக இருக்கிறது. ஆக அது இளைய ஃபவுஸ்தீனா. அதே தட்டில் பக்கத்துக் குழியில் 30,000-க்கு இருப்பதன் சகோதரி. ஒரே ஓர் எழுத்துக்குப் பத்தாயிரம் ரூபாய். கடைக்காரருக்கு இது கள்ளத்தனம் என்று தோன்றவில்லை. காட்டினால் பார்த்துவிட்டுத் தலையாட்டி விலையைக் குறைக்கிறார். அட்டையை மட்டும் மாற்றுவதாகத் தெரியவில்லை.

ஜூலியாக்கள் இன்னும் சிக்கல். ஒரே குடும்பத்தில் ஜூலியா டொம்னா, அவர் கூடப்பிறந்த ஜூலியா மேசா, மேசாவின் மகள்கள் ஜூலியா சொவேமியாஸ், ஜூலியா மமேயா. இதில் ‘ஜூலியா அவுகுஸ்தா’ என்று வேறு பெயர் எதுவும் சேராமல் இருந்தால் அது டொம்னா. மற்ற மூவருக்கும் நடுவில் சொந்தப் பெயர் நிற்கும். தட்டில் டொம்னா என்று நான்கு. நான்காவதில் ஐ, வீ, எல், ஐ, ஏ-வுக்குப் பிறகு எம், ஏ, ஈ, எஸ், ஏ என்று தெளிவாகவே இருக்கிறது, அது மேசா. பின்பக்கத்தில் ‘புதிசித்தியா’, முகத்திரையை இழுத்தபடி உட்கார்ந்திருக்கும் கற்புத் தெய்வம். எழுத்து இவ்வளவு நன்றாக இருந்தும் தப்பாக எழுதியது அசிரத்தைதான். டொம்னா விலைக்கே மேசா கிடைப்பதால் வாங்குகிறவருக்கு நட்டமில்லை, சொல்லப்போனால் சிறு இலாபம். மமேயா காசு தேய்ந்திருந்தால் மட்டும் கவனம் தேவை: எம், ஏ வரை மேசாவுக்கும் மமேயாவுக்கும் பொது, அடுத்த எழுத்து எம்மா ஈயா என்பதில்தான் தாயும் மகளும் பிரிகிறார்கள்.

மற்ற மூன்று டொம்னாக் காசுகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், தட்டின் அருமை அங்கேதான். டொம்னாவின் பட்டம் கணவர் செப்திமியஸ் செவெரஸ் ஆட்சியிலும் மகன் கரகல்லா ஆட்சியிலுமாக இரண்டு முறை மாறியது. 193 முதல் 196 வரை ‘ஜூலியா டொம்னா அவுக்’. 196 முதல் 211 வரை ‘ஜூலியா அவுகுஸ்தா’. 211 முதல் 217 வரை ‘ஜூலியா பியா ஃபெலிக்ஸ் அவுக்’. மகாராணிக் காசில் பொதுவாக வருடக் கணக்கு இருக்காது. பட்டத்தை வைத்துக் காலம் பிரிக்கக்கூடிய இந்த வசதி சேகரிப்பவருக்கு ஒரு வரம். தட்டில் மூன்று காலத்துக்கும் ஒவ்வொன்று இருக்கிறது. முதலாவதில் தூணில் சாய்ந்து, பின்புறம் காட்டி நிற்கும் வீனஸ், கையில் ஆப்பிளும் ஓலையும். இரண்டாவதில் மயிலோடு ஜூனோ. கடைசியில் நீண்ட தீப்பந்தத்தை இரு கையாலும் பிடித்த டயானா. மூன்றிலும் தலைமயிர் கனத்த அலையாக இறங்கிக் காதை மூடுகிறது; பொய்மயிர்த் தொப்பி என்று பலர் சொல்வது இதைத்தான். ஒன்று 27,000 என்று அட்டை. மூன்றையும் சேர்த்து எடுத்தால் 72,000-க்கு இறங்குகிறார்கள். இந்தத் தட்டில் எதை வாங்கலாம் என்று கேட்டால் எங்கள் பதில் இந்த மூன்றுதான். பிரித்து ஒன்றை மட்டும் எடுப்பதானால் வீனஸ் காசு, அதைத் தேய்க்கவில்லை.

வெள்ளியின் தரத்தை நினைத்து விலை பேசுவது வீண். அந்தோனினஸ், மார்க்கஸ் காலத்துக் காசில் வெள்ளி ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. செவெரஸ் தன் ஆட்சியின் தொடக்கத்திலேயே அதைப் பாதியளவுக்கு இறக்கினான். அப்படியே உருக்கினால் ஒரு காசில் இரண்டு மூன்று கிராம் வெள்ளிக்கு மேல் தேறாது. நம் ஊர் காசுமாலையில் கோத்த விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்கு மேல் வெள்ளி. எடைக்கு வெள்ளி வேண்டுமென்றால் அதே கடையில் அந்தப் பக்கப் பெட்டியைத் திறக்கச் சொல்லலாம்.

இப்போது கெட்ட மூன்றும். 2.58 கிராம் உள்ள மூத்த ஃபவுஸ்தீனா, செப்புத் தகட்டின்மேல் வெள்ளித்தோல் போர்த்தி அடித்தது. ரோமர் காலத்துக் கள்ளரின் வேலை. தோள் ஓரத்தில் தோல் உரிந்து பச்சை எட்டிப் பார்க்கிறது. விளிம்பில் மடிப்பு தெரிகிறது. இதையும் சேகரிக்கிறவர்கள் உண்டு, பழையது பழையதுதான். விலை மட்டும் அசலில் கால்பங்கு இருக்க வேண்டும். தட்டில் 28,000 என்கிறார்கள், அது நடக்காத காரியம்.

‘லிவியா’ என்று 90,000 ரூபாய் போட்டிருப்பது நம் காலத்து வார்ப்பு. அசலாக இருந்தாலும் அட்டை முழு உண்மையாகாது: அது பேரரசன் திபேரியஸின் காசு, முன்பக்கத் தலை அவனுடையது. பின்பக்கம் செங்கோலும் கிளையும் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணைத்தான் அவன் தாய் லிவியா என்று பலர் சொல்கிறார்கள். விவிலியத்தில் வரும் வரிக்காசு இதுவே என்ற நம்பிக்கையால் உலகம் முழுதும் கிராக்கி; கிராக்கி உள்ள இடத்தில் வார்ப்பும் அதிகம். தென்னிந்தியாவில் கோயம்புத்தூர், கரூர்ப் பக்கம் புதையல்களில் ஏராளமாகக் கிடைத்ததும் அவுகுஸ்தஸ், திபேரியஸ் காசுகள்தான். தட்டில் உள்ளதை லென்ஸில் பார்த்தால் மூன்று அடையாளம். எழுத்தின் ஓரங்கள் உருகிய மெழுகாக வழுவழுத்திருக்கின்றன. அடித்த காசில் எழுத்தின் சுவர் தரையிலிருந்து செங்குத்தாக எழும். கன்னத்திலும் வெற்றுத்தரையிலும் ஊசிமுனைக் குழிகள். வார்க்கும்போது அடைபட்ட காற்று. விளிம்பைச் சுற்றி அரம் ஓடிய தடம். இரண்டு அச்சும் சேர்ந்த கோட்டைத் தேய்த்து மறைத்தது. அடித்த காசின் விளிம்பில் அரத்தின் வேலை இராது, அடித்தபோது பிளந்த சிறு வெடிப்புகள்தான் இருக்கும்.

‘புளோத்தினா’ 60,000 ரூபாய். பேரரசன் திராயானின் மனைவி புளோத்தினாவின் தெனாரியஸ் அரிது. உலகச் சந்தையில் அதன் விலை இதைப் போலப் பல மடங்கு. இங்கே 60,000-க்குக் கிடைக்கிறது என்பதே சந்தேகத்துக்குப் போதும். தூக்கிப் பார்த்தால் சந்தேகமும் தேவையில்லை, ஈயமும் வெள்ளீயமும் கலந்த மந்த நிறம், நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. இதைவிடக் கெட்டிக்காரப் போலிகள் உண்டு. பல்கேரியாவில் புதிய அச்சு வெட்டி நல்ல வெள்ளியில் அடித்தவை எடையிலும் ஓரத்திலும் பிடிபடாது. அவற்றைப் பிடிக்க நல்ல வழி, அதே அச்சில் அடித்த போலிகளின் படங்களோடு ஒப்பிடுவது. இந்தத் தட்டில் அப்படி எதுவும் தென்படவில்லை. ஒரு துணைச் சோதனை: காசை இரு பக்கமும் விரலால் பிடித்து, பக்கவாட்டில் புத்தகத் தாள்போலப் புரட்டுங்கள். அந்தோனினஸ் காலத்து ரோம நாணயச்சாலைக் காசில் பின்பக்கம் நேராகவோ தலைகீழாகவோ வரும். கோணலாகக் கிடந்தால் உடனே போலி என்று சொல்ல முடியாது, இன்னொரு தடவை லென்ஸை எடுங்கள்.

சுண்டிப் பார்க்க வேண்டாம். விக்டோரியா ரூபாயைக் கல்லில் சுண்டி ஓசை கேட்டுப் பழகிய கை இதையும் சுண்டப் பார்க்கும். ஆயிரத்தெண்ணூறு வருடம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் மொரமொரத்துப் போயிருக்கும். விழுந்தால் பிஸ்கட்டாக உடையும். உரைகல்லும் வேண்டாம், கீறிய காசை எவரும் திருப்பி வாங்க மாட்டார். நகைக்கடைகளில் வெள்ளி வீதம் காட்டும் கதிர் இயந்திரம் தோலைத்தான் படிக்கும். ரோமர்கள் தகட்டின் மேற்பரப்பிலிருந்த செம்பை அரித்தெடுத்து வெண்மையாக்கி அடித்தார்கள், அதனால் மேலே வெள்ளி கூடுதலாகக் காட்டும். வெள்ளித்தோல் போர்த்த கள்ளக்காசைக்கூட அது தூய வெள்ளி என்று சொல்லிவிடக்கூடும்.

வீட்டில் செய்யத் தக்கது தண்ணீர்ச் சோதனை. தராசில் பாதி தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளரை வைத்துப் பூச்சியம் ஆக்குங்கள். காசைச் சன்னமான நைலோன் நூலில் கட்டி, அடியிலோ ஓரத்திலோ முட்டாமல் முழுதும் மூழ்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. 3.20 கிராம் காசு 0.32 காட்டினால் அடர்த்தி 10. ஐந்தில் நான்கு பங்கு வெள்ளி, மீதி செம்பு என்றால் 10.1 அளவில் வர வேண்டும். பாதிக்குப் பாதி என்றால் 9.7. பித்தளையும் ஜெர்மன் சில்வரும் எட்டரை அளவில் நின்றுவிடும், அதே எடைக்குத் தராசு 0.37, 0.38 காட்டும். இரண்டு விடயம் தப்பு வரச் செய்யும். காசில் ஒட்டிய காற்றுக் குமிழ் எண்ணைக் கூட்டும். முதலில் ஒரு சொட்டுச் சவர்க்காரம் கலந்த தண்ணீரில் நனைத்து எடுங்கள். இரண்டாவது, தராசே 0.01 கிராமுக்குக் கீழே பிரிக்காது. 0.31-ஐயும் 0.33-ஐயும் அது குழப்பினால் அடர்த்தி 10.3-க்கும் 9.7-க்கும் நடுவே ஊசலாடும். ஆகவே நகைத் தராசு பித்தளையைத் துரத்தும், ஃபவுஸ்தீனா வெள்ளிக்கும் மமேயா வெள்ளிக்கும் வித்தியாசம் சொல்லாது. அதற்கு 0.001 கிராம் தராசு வேண்டும்.

இந்தச் சோதனையைக் கடையில் செய்ய விடமாட்டார்கள், அதனால் பில் முக்கியம். கேட்டால் ‘அசல் இல்லையெனில் ஏழு நாளுக்குள் பணம் திருப்பித் தரப்படும்’ என்று எழுதி முத்திரை குத்தித் தருகிறார்கள். கேட்காவிட்டால் வெறும் ‘ஒரு நாணயம்’ என்று எழுதிக் கொடுப்பார்கள். பில்லில் மகாராணியின் பெயர், எடை, பின்பக்க உருவம் மூன்றும் இருக்கட்டும்.

தேய்த்த காசுகள் பற்றி. லூசில்லா, மமேயா, மூத்த ஃபவுஸ்தீனாவில் ஒன்று, டயானா உருவமுள்ள டொம்னா ஆகிய நான்கும் புதுக்கரண்டியாக மின்னுகின்றன. எழுத்து மடிப்புகளில் பாலிஷ் காய்ந்த வெண்பொடி இன்னும் ஒட்டியிருக்கிறது. பாலிஷ் தேய்த்தால் மேற்பரப்பில் மயிரிழைக் கீறல் ஆயிரம் விழும். கன்னமும் கொண்டையும்தான் முதலில் தட்டையாகும். புளி, எலுமிச்சை வேறு விதம்: அமிலம் செம்பைத் தின்றுவிட்டு வெள்ளியைச் சுண்ணாம்பு பூசியதாக விட்டுவைக்கும். இரண்டுக்கும் மருந்தில்லை. காலத்தால் மறுபடி கறுக்கும், கீறல் போகாது. உலகச் சந்தையில் இப்படிப்பட்ட காசுக்கு மூன்றில் ஒரு பங்காவது கழிப்பார்கள், இங்கேயும் அதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். மமேயாவை 24,000-இலிருந்து 17,000-க்குக் கொடுக்க இணங்கினார்கள். அந்த விலைக்குத் தகும்.

‘இங்கேயே கண்டெடுத்தது’ என்று கடையில் சொல்லும் கதைக்கு ஒரு சதமும் கூட்டிக் கொடுக்கக் கூடாது. இலங்கையில் கிடைத்த ரோமக் காசுகளில் மிகப் பெரும்பகுதி நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக் காசுகளும் அவற்றைப் பார்த்து இங்கேயே செய்தவையும்தான். ஃபவுஸ்தீனா, டொம்னா வெள்ளி வரிசையாக மண்ணிலிருந்து வந்தது என்பது நம்பும்படியில்லை. பொய்யென்றால் பொய்க்கு விலையில்லை. உண்மையென்றால் இன்னும் சிக்கல்: 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2-க்கு முந்தியவற்றைத் தொல்பொருளாக வரையறுக்கிறது. கண்டி உடன்படிக்கை கையெழுத்தான அதே நாள்தான். நிலத்தில் கண்டெடுத்ததை அறிவிக்காமல் விற்கவோ வாங்கவோ போனால் வில்லங்கம். தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவுக்காரருக்குப் பரிசாக வாங்கிக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும். கடையில் இறக்குமதிக் கடிதத்தின் பிரதி கேட்டோம். எட்டுக் காசுக்குக் காட்டினார்கள், அந்த எட்டிலிருந்து எடுப்பதே புத்தி. டொம்னா மூன்றும் அதில் அடங்கும்.

வாங்கிய பிறகு உள்ள தொல்லை மலைநாட்டுக்கே உரியது. கடையில் காசைப் போட்டுத் தரும் மெல்லிய வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை பி.வி.சி. ஈரத்தில் அது கசிந்து காசில் பச்சைப் பிசினாக ஒட்டும். வீட்டுக்குப் போன அன்றே மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் சுத்தமான அசிற்றோனில் ஊறவைத்து எடுத்துத் தானாக உலர விடலாம். நகப்பூச்சு நீக்கி உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவிலும், பனிமூட்டம் வீட்டுக்குள் நடமாடும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கமும் காற்றோட்டமான அலுமாரியே காசுக்கு எதிரி. காற்றுப் புகாத சிறு டப்பா, உள்ளே 50 கிராம் சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகை. ஓரஞ்சு பச்சையானவுடன் ஓவனில் 110 பாகை அளவில் இரண்டு மூன்று மணிநேரம் காயவைத்து மறுபடி போடலாம். கம்பளிச் சுவெட்டர் வைக்கும் அலுமாரியில் டப்பாவை வைக்க வேண்டாம். கம்பளியிலிருந்து வரும் கந்தக ஆவி வெள்ளியைக் கறுப்பாக்கும். றப்பர் வளையமும் அப்படித்தான்.

தூரத் தோட்டங்களில் உள்ளவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவதாகக் கடையில் சொல்கிறார்கள். அனுப்பச் சொல்வதானால் இரு பக்கமும் தெளிவான படம், தராசில் வைத்த படம் ஒன்று, இவற்றை வட்ஸ்அப்பில் முதலில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் போடுங்கள். இரண்டு மட்டைத் துண்டுக்கு நடுவே காசை அழுத்தி ஒட்டச் சொல்லுங்கள், ஒட்டுநாடா காசில் படக்கூடாது. தட்டில் இப்போது மிச்சம் இருப்பவற்றில் இளைய ஃபவுஸ்தீனா ஒன்று கேட்டுப் பார்க்கத் தகுந்தது: பின்பக்கத்தில் சிம்மாசனம், அதன்மேல் இரண்டு குழந்தைகள், ‘சேகுலி ஃபெலிசித்’ என்ற எழுத்து. 161-இல் பிறந்த இரட்டையர் அவர்கள், ஒருவன் கொம்மோதஸ். அட்டையில் ‘நாற்காலி’ என்று எழுதி 30,000 போட்டிருக்கிறார்கள், 26,000-க்குத் தருவார்கள்.